கான்ஃபிக் கோப்பைச் சோதிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் சர்வரைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன். எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: கான்ஃபிக் கோப்பை (ஒரு புரோகிராமின் செட்டிங்குகளை எழுதி வைக்கும் கோப்பு) மாற்றிய பிறகு, அதைச் சர்வீஸிடம் கொடுப்பதற்கு முன்னால், சின்டாக்ஸ் தப்பு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு ஸ்கிரிப்டை வைத்துப் பார்த்துவிடுவது. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

நான் கவனமாகத்தான் எடிட் பண்ணுவேன். இதற்குப் போய் ஒரு ஸ்கிரிப்ட் வேண்டுமா?

வேண்டும். கவனக்குறைவு மட்டும் இங்கே பிரச்சினை இல்லை, கான்ஃபிக் தப்பு உடனே வெளியே தெரியாது என்பதுதான் பெரிய பிரச்சினை. இன்றைக்கு என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் கோப்பில் ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு, ரீலோட் பண்ணாமல் (கோப்பைத் திரும்பப் படிக்கச் சொல்லாமல்) வேறு வேலைக்குப் போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்எக்ஸ் பழைய கான்ஃபிக்கை நினைவகத்தில் வைத்துக்கொண்டு சமர்த்தாக ஓடும், சைட் திறக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து கெர்னல் அப்டேட்டுக்காக மெஷினை ரீபூட் பண்ணும்போது என்ஜின்எக்ஸ் எழுந்திருக்க மறுக்கும். அந்த நேரத்தில் எல்லாரும் கெர்னலைத்தான் சந்தேகப்படுவார்கள், இரண்டு மாதத்துக்கு முன் தொட்ட கோப்பு யார் ஞாபகத்துக்கும் வராது.

எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பு இன்னும் மோசம். அதில் இல்லாத ஒரு டிஸ்க்கின் அடையாள எண் இருந்தால், 'நோஃபெயில்' என்ற ஆப்ஷனும் இல்லாவிட்டால், சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் புரோகிராம்) உள்ள மெஷின் அந்த டிஸ்க்குக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துவிடும். கிளவுடில் இருக்கும் மெஷின் என்றால் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகவும் முடியாது. எடிட் பண்ணியவுடனே 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' என்று ஒரு வரி ஓட்டியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

சரி, அப்படியென்றால் ஒவ்வொரு ஃபார்மட்டுக்கும் நானே பார்சர் எழுத வேண்டுமா?

எழுதவே எழுதாதீர்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ரெகுலர் எக்ஸ்பிரஷனை வைத்துக்கொண்டு அடைப்புக்குறி எண்ணுவது, வரி அரைப்புள்ளியில் முடிகிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் முதல் வாரம் வேலை செய்கிற மாதிரி இருக்கும். அப்புறம் மேற்கோள் குறிக்குள் ஒரு அடைப்பு வரும், கமெண்டுக்குள் ஒரு அரைப்புள்ளி வரும், நல்ல கோப்பைத் தப்பு என்று சொல்ல ஆரம்பிக்கும், நீங்கள் எரிச்சலில் ஸ்கிரிப்டையே ஒதுக்கிவிடுவீர்கள். அந்தக் கோப்பை எந்த புரோகிராம் படிக்கப்போகிறதோ அதைவிட நல்ல நீதிபதி கிடையாது. பெரும்பாலான புரோகிராம்கள் 'ஓடாதே, படித்துப் பார்த்து மட்டும் சொல்' என்று கேட்க ஒரு வழி வைத்திருக்கின்றன.

என்ஜின்எக்ஸுக்கு '-டி', 'டெஸ்ட்' என்பதன் முதல் எழுத்து, சின்ன எழுத்தில். தொலைவிலிருந்து லாகின் பண்ண விடும் எஸ்எஸ்எச்டிக்கும் அதே '-டி'தான். அப்பாச்சிக்கு 'அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்'. யாருக்கு ரூட் அதிகாரம் என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்புக்கு 'விசூடோ -சி'. எச்ஏபிராக்ஸிக்கு '-சி'யோடு '-எஃப்' போட்டுக் கோப்பின் பெயர். பைண்ட் டிஎன்எஸ்ஸுக்கு 'நேம்ட்-செக்கான்ஃப்', டொமைன் பெயர்களின் விவரம் இருக்கும் ஸோன் கோப்புக்குத் தனியாக 'நேம்ட்-செக்ஸோன்'. சாம்பாவுக்கு 'டெஸ்ட்பார்ம்', போஸ்ட்ஃபிக்ஸுக்கு 'போஸ்ட்ஃபிக்ஸ் செக்', சிஸ்டம்டி யூனிட்டுக்கு 'சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை'. ஷெல் ஸ்கிரிப்டே கான்ஃபிக்காக இருந்தால் 'பாஷ் -என்', அதற்கு மேலே, ஷெல் ஸ்கிரிப்டில் தப்பு தேடும் ஷெல்செக்.

ஆக உங்கள் ஸ்கிரிப்டுக்கு வேலை கொஞ்சம்தான்: எந்தக் கோப்புக்கு எந்தக் கட்டளை என்று தெரிந்து வைத்திருப்பது, அதைக் கூப்பிடுவது, தப்பு என்று பதில் வந்தால் அடுத்த அடி எடுத்து வைக்காமல் நிற்பது. கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்.

ஸ்கிரிப்டுக்குள் வரிசையாக என்னதான் இருக்க வேண்டும்?

எஸ்எஸ்எச்டி கோப்பையே எடுத்துக்கொள்வோம், தப்பு நடந்தால் வாசலே மூடிவிடுகிற கோப்பு அது.

புதிய உள்ளடக்கத்தை நேரடியாக உண்மைக் கோப்பில் எழுதக் கூடாது. அதே டைரக்டரியில் புள்ளியில் ஆரம்பிக்கும் பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பை 'எம்கேடெம்ப்' வைத்து உருவாக்கி, அதில் எழுதுங்கள். ஏன் அதே டைரக்டரி என்றால், கடைசியில் 'எம்வி' பண்ணும்போது இரண்டும் ஒரே ஃபைல்சிஸ்டத்தில் இருந்தால்தான் அது ஒரே நொடியில் பெயர் மாறும், பாதி எழுதிய கோப்பை யாரும் படித்துவிட வாய்ப்பே இருக்காது. டெம்ப் டைரக்டரி பல மெஷின்களில் வேறு ஃபைல்சிஸ்டம், அங்கிருந்து 'எம்வி' என்றால் உள்ளுக்குள் நடப்பது காப்பிதான்.

அடுத்து கோப்பு காலியா என்று பாருங்கள். இதை யாரும் போடுவதில்லை, ஆனால் இதுதான் முதல் சோதனையாக இருக்க வேண்டும். டிஸ்க் நிரம்பியிருந்தால் ஜீரோ பைட் கோப்பு உருவாகும், எஸ்எஸ்எச்டி அதை நல்ல கோப்பு என்றே ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் எல்லா செட்டிங்கும் டீஃபால்ட்டுக்குப் போய்விடும், அவ்வளவுதான். பாஸ்வேர்டு லாகினை நீங்கள் அணைத்து வைத்திருந்தால் அது திரும்ப இயங்க ஆரம்பித்துவிடும், சோதனையும் தேறிவிடும். 'டெஸ்ட் -எஸ்' என்று ஒரு வரி போதும் இதைப் பிடிக்க.

அப்புறம் 'எஸ்எஸ்எச்டி -டி -எஃப்' போட்டுத் தற்காலிகக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். ரிட்டர்ன் கோட் (கட்டளை முடியும்போது திருப்பும் எண்) ஜீரோவாக வராவிட்டால் பிழைச்செய்தியை அப்படியே திரையில் காட்டி, தற்காலிகக் கோப்பை அழித்துவிட்டு வெளியேறுங்கள். ஜீரோ வந்தால் பழைய கோப்பை வேறு டைரக்டரியில் தேதியோடு ஒரு பிரதி எடுங்கள், அப்புறம் 'எம்வி', அப்புறம் ரீலோட்.

நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. 'எம்கேடெம்ப்' உருவாக்கும் கோப்புக்கு அனுமதி 0600. அதை அப்படியே 'எம்வி' பண்ணினால் முன்பு 0644 ஆக இருந்த கோப்பு இப்போது ரூட் மட்டும் படிக்கிற கோப்பாகிவிடும். எஸ்எஸ்எச்டிக்குப் பாதகமில்லை, ரூட்டாகத்தான் ஓடுகிறது. வேறு யூசரில் ஓடுகிற சர்வீஸ் என்றால் அது படிக்க முடியாமல் நிற்கும், ஆனால் ரூட்டாக ஓட்டிய உங்கள் சோதனையோ தேறியிருக்கும். மாற்றுவதற்கு முன் 'சிஎச்மாட் --ரெஃபரன்ஸ்', 'சிஎச்ஓன் --ரெஃபரன்ஸ்' இரண்டையும் பழைய கோப்பைப் பார்த்துப் போட்டுவிடுங்கள்.

என்ஜின்எக்ஸுக்கும் இதே மாதிரி தற்காலிகக் கோப்பைச் சோதிக்கலாமா?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். '-சி' கொடுத்து வேறு கோப்பைச் சோதிக்கலாம்தான், ஆனால் டெபியன், உபுண்டுவில் வரும் முதன்மைக் கோப்பில் வேறு கோப்புகளை இழுக்கும் இன்க்ளூட் வரிகள் முழுப் பாதையோடு இருக்கும். நீங்கள் டெம்ப் டைரக்டரியில் மொத்த மரத்தையும் பிரதி எடுத்து, அங்கே ஒரு சைட் கோப்பை மாற்றி, அங்கிருந்து சோதித்தாலும், அந்த முதன்மைக் கோப்பு போய் எடிசி டைரக்டரியில் இருக்கும் பழைய சைட் கோப்பைத்தான் படிக்கும். நீங்கள் தொட்ட கோப்பை யாரும் பார்க்கவே இல்லை, 'சின்டாக்ஸ் ஓகே' மட்டும் வந்துவிட்டது.

அதனால் என்ஜின்எக்ஸுக்கு மட்டும் வரிசையை மாற்றுங்கள். பழையதைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, புதியதை அதன் இடத்திலேயே போட்டு, 'என்ஜின்எக்ஸ் -டி' ஓட்டி, தப்பு என்றால் உடனே பழையதைத் திருப்பி வையுங்கள். ரீலோட் சொல்லாத வரை ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் கோப்பைத் திரும்பிப் பார்க்காது என்பதால் நடுவில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு நொடியில் ஆபத்து இல்லை.

பிரதியை 'சைட்ஸ்-எனேபில்டு' டைரக்டரிக்குள்ளேயே போட்டுவிடாதீர்கள். அங்கே நட்சத்திரக் குறி போட்டு எல்லாக் கோப்பையும் இழுக்கிறது, உங்கள் பிரதியையும் சேர்த்து. ஒரே சர்வர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று எச்சரிக்கை வரும், ஆனால் அது எச்சரிக்கை மட்டும்தான், ரிட்டர்ன் கோட் ஜீரோவாகவே இருக்கும், எந்தக் கோப்பில் உள்ளது வேலை செய்யும் என்பது பெயரின் அகரவரிசையைப் பொறுத்தது. தேறினாலும் வந்த செய்தியில் 'வார்ன்' என்ற சொல் இருந்தால் அதையும் கண்ணில் படும்படி காட்டுகிற மாதிரி ஸ்கிரிப்டை எழுதுங்கள்.

'ஓகே' என்று வருகிறதா என்று கிரெப் பண்ணிப் பார்த்தால் போதாதா?

போதாது. செய்தியின் வாசகம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறலாம், மொழி செட்டிங்கைப் பொறுத்தும் மாறலாம். ரிட்டர்ன் கோடைத்தான் நம்ப வேண்டும்: ஜீரோ என்றால் சரி, வேறு எதுவாக இருந்தாலும் தப்பு. இன்னொன்று, என்ஜின்எக்ஸும் அப்பாச்சியும் 'ஓகே' என்ற நல்ல செய்தியைக்கூட ஸ்டாண்டர்டு எரருக்குத்தான் அனுப்புகின்றன, ஸ்டாண்டர்டு அவுட்புட்டை மட்டும் பிடித்துக் கிரெப் பண்ணினால் காலியாகத்தான் இருக்கும்.

பைப் போட்டால் ரிட்டர்ன் கோடு தொலைந்துபோகும், அதையும் கவனியுங்கள். சோதனையின் செய்தியை லாக் கோப்பில் சேமிக்க 'டீ' கட்டளைக்குப் பைப் பண்ணுவீர்கள், அப்போது ஷெல்லுக்குத் தெரிவது கடைசியில் இருக்கும் 'டீ'யின் ரிட்டர்ன் கோடு, அது பெரும்பாலும் ஜீரோ. பாஷில் 'பைப்ஃபெயில்' செட் பண்ணினால் சரியாகும். அதேபோல் ஃபங்ஷனுக்குள் 'லோக்கல்' என்று எழுதி அதே வரியில் ஒரு கட்டளையின் விடையை ஏற்றினாலும் கோடு மறைந்துவிடும், ஏனென்றால் 'லோக்கல்' என்பதே ஒரு கட்டளை, அது வெற்றி பெற்றுவிட்டது. இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள். ஷெல்செக் இதைச் சொல்லிக் கொடுக்கும்.

பிழைச்செய்தி ஒரு வரி எண்ணைச் சொல்கிறது, அந்த வரியில் ஒரு தப்பும் இல்லையே?

அது தப்பு இருக்கும் வரி இல்லை, பார்சர் குழம்பிப்போய் நின்ற வரி. என்ஜின்எக்ஸில் 'ரூட்' வரியின் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போனால், அது அடுத்த வரியில் உள்ள 'இண்டெக்ஸ்' முதலானவற்றையும் 'ரூட்'டுக்கான மதிப்புகள் என்று நினைத்து, அடுத்த அரைப்புள்ளி வரைக்கும் அள்ளிக்கொண்டு போய், 'ரூட்டுக்கு இத்தனை மதிப்பு கூடாது' என்று அந்த இரண்டாவது வரியைக் காட்டும். செய்தியில் இருக்கும் சொல்லைப் பாருங்கள், எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். மூடும் அடைப்பு விட்டுப்போயிருந்தால் கோப்பின் கடைசி வரியைத்தான் காட்டும், உண்மையான தப்பு அதற்கு நூறு வரி மேலே இருக்கலாம்.

நான் ஸ்கிரிப்டில் வைத்துக்கொள்ளும் ஒரு வசதி: செய்தியில் வரி எண் வந்தால் அதற்கு முந்தைய ஐந்து வரிகளையும் சேர்த்து எண்ணோடு அச்சிட்டுவிடும். பெரும்பாலும் கோப்பைத் திறக்காமலே தப்பு கண்ணில் பட்டுவிடுகிறது.

யாமல் கோப்பு சோதனையில் தேறிவிட்டது, ஆனால் ஆப் விநோதமாக நடந்துகொள்கிறது. ஏன்?

இடைவெளியை வைத்தே படிநிலையைக் காட்டும் ஃபார்மட் யாமல், அதற்குச் சின்டாக்ஸ் சோதனை என்பது பாதி வேலைகூட இல்லை. டேப் எழுத்தை இண்டெண்டுக்குப் போட்டால் பிடிக்கும், அடைப்பு மூடாவிட்டால் பிடிக்கும். ஆனால் யாமலில் தப்பாக எழுதிய கோப்பு பெரும்பாலும் வேறொரு சரியான கோப்பாகிவிடுகிறது. இரண்டு இடைவெளி குறைந்தால் ஒரு செட்டிங் ஒரு படி மேலே ஏறிவிடும், பார்சருக்கு அதில் ஒரு ஆட்சேபணையும் இல்லை.

பைத்தானில் எல்லாரும் பயன்படுத்தும் பையாமல் லைப்ரரி யாமல் 1.1 விதிகளைப் பின்பற்றுகிறது. 1.2 வந்தது 2009இல், ஆனாலும் இன்றைக்கும் நிலைமை இதுதான். அந்தப் பழைய விதிப்படி மேற்கோள் இல்லாமல் 'நோ' என்று எழுதினால் அது சொல் இல்லை, பொய் என்ற பூலியன் மதிப்பு. நாடுகளின் பட்டியலில் நார்வேயின் இரண்டெழுத்துக் குறியீடு அப்படியே காணாமல் போகும். பைத்தான் வெர்ஷன் 3.10 என்று எழுதினால் அது தசம எண், 3.1 ஆகிவிடும். 22:22 என்று போர்ட் எழுதினால் அறுபதின் அடிமான எண்ணாக எடுத்துக்கொண்டு 1342 ஆக்கிவிடும், டாக்கர் கம்போஸ் ஆவணத்திலேயே போர்ட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள் என்று சொல்வது இதனால்தான். கோப்பு அனுமதி 0644 என்றால் எட்டின் அடிமானமாகப் படித்து 420 ஆகும்.

ஒரே சாவி (செட்டிங்கின் பெயர்) இரண்டு முறை வந்தால் பையாமல் ஒன்றும் சொல்லாமல் பிந்தியதை எடுத்துக்கொள்ளும். நீளமான கோப்பில் மேலே இருக்கும் வரியை மாற்றி மாற்றிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் கீழே எங்கோ அதே சாவி இன்னொரு முறை இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு யாமல்லிண்ட் வைத்துக்கொள்ளுங்கள், இரட்டைச் சாவியைப் பிடிக்கும், 'நோ', 'யெஸ்' போன்றவற்றையும் எச்சரிக்கும்.

பைத்தானில் நீங்களே எழுதுவதென்றால் 'சேஃப் லோட்' மட்டும்தான், வெறும் 'லோட்' ஆபத்தான லோடரோடு சேர்ந்தால் கோப்பில் இருப்பதை நிரலாக ஓட்டும் அளவுக்குப் போகும். ஒரே கோப்பில் மூன்று கோடு போட்டுப் பல ஆவணங்கள் இருந்தால் 'சேஃப் லோட் ஆல்' வேண்டும், குபெர்னெட்டிஸ் கோப்புகள் பெரும்பாலும் அப்படித்தான். கூப்பிட்டால் மட்டும் அது படிக்காது! அது ஒரு ஜெனரேட்டரைத்தான் திருப்பிக் கொடுக்கும், நீங்கள் அதை லிஸ்டாக மாற்றினால்தான் உண்மையிலேயே கோப்பைப் படிக்கும். லிஸ்டாக்காமல் விட்ட ஸ்கிரிப்ட் எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் 'சரி' என்று சொல்லும்.

ஜேசன்?

ஜேசன் எளிது. 'பைத்தான்3 -எம் ஜேசன்.டூல்' பெரும்பாலான மெஷின்களில் இருக்கும், அது போதும். கடைசி உறுப்புக்குப் பின் காற்புள்ளி, கமெண்ட், ஒற்றை மேற்கோள், இந்த மூன்றும்தான் வழக்கமான தப்புகள். இரட்டைச் சாவியை இதுவும் பிடிக்காது, வேண்டுமென்றால் பைத்தானில் 'ஆப்ஜெக்ட் பேர்ஸ் ஹுக்' வழியாக நாலைந்து வரியில் பிடிக்கலாம். 'ஜேகியூ எம்ப்டி' என்று சோதிப்பவர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஜீரோ பைட் கோப்புக்கு அது தேர்ச்சி கொடுத்துவிடும்.

டாம்எல், ஐஎன்ஐ கோப்புகள்?

டாம்எல் எனக்குப் பிடித்த ஃபார்மட், இரட்டைச் சாவி அதில் விதிப்படியே தப்பு. பைத்தான் 3.11இலிருந்து 'டாம்லிப்' கூடவே வருகிறது, கோப்பைப் பைனரி மோடில் திறந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஐஎன்ஐக்குக் 'கான்ஃபிக்பார்சர்' இருக்கிறது, அதுவும் டீஃபால்ட்டாகவே இரட்டைச் சாவியைத் தப்பு என்று சொல்லும். ஆனால் ஐஎன்ஐக்கு ஒரு பொதுவான விதி கிடையாது, பைத்தான் ஏற்றுக்கொண்டதை உங்கள் புரோகிராம் ஏற்றுக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எத்தனை முறை பார்த்தாலும் வரி சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தப்பு என்கிறது!

கண்ணுக்குத் தெரியாத எழுத்து இருக்கிறது. வாட்ஸ்ஆப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ காப்பி பண்ணிய வரியாக இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. மேற்கோள் குறி வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும், இரட்டைக் கோடு ஒரு நீளக் கோடாகியிருக்கும், சாதாரண இடைவெளிக்குப் பதில் உடையா இடைவெளி உட்கார்ந்திருக்கும். விண்டோஸில் எடிட் பண்ணியிருந்தால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கேரேஜ் ரிட்டர்ன் இருக்கலாம், கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 அடையாளமாக மூன்று பைட் இருக்கலாம்.

தமிழில் கமெண்ட் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. தமிழ் கீபோர்டுகள் சிலவற்றிலும், வலைப்பக்கங்களிலிருந்து எடுத்த வரிகளிலும் அகலமே இல்லாத இணைப்பு எழுத்துகள் கலந்திருக்கும். கமெண்டுக்குள் இருக்கும்வரை தொந்தரவு இல்லை, அந்த வரியை வெட்டி ஒட்டும்போது செட்டிங் பெயருக்குள் ஒட்டிக்கொண்டு வந்தால் 'இப்படி ஒரு செட்டிங் கிடையாது' என்று வரும், திரையில் பார்த்தால் பெயர் அட்சரசுத்தமாக இருக்கும்.

ஸ்கிரிப்டில் முதலிலேயே ஒரு 'கிரெப் -பி' (பெர்ல் என்பதன் முதல் எழுத்து, பெரிய எழுத்தில்) போட்டு, ஆஸ்கி அல்லாத எழுத்து உள்ள வரிகளைக் கமெண்டாக இல்லாத பட்சத்தில் காட்டச் சொல்லுங்கள். கையால் பார்க்க 'கேட் -ஏ', பெரிய எழுத்து ஏ. மறைந்திருப்பதெல்லாம் வெளியே வரும்.

சோதனை தேறியது, ரீலோடும் ஆனது, ஆனால் செட்டிங் மட்டும் வேலை செய்யவில்லை.

உங்கள் வரியைவிட முந்திக்கொண்டு வேறு வரி இருக்கிறது. எஸ்எஸ்எச்டியில் முதலில் வரும் மதிப்புதான் செல்லும், பின்னால் வருவது கணக்கில் வராது. உபுண்டுவில் முதன்மைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே துணை டைரக்டரியை இழுக்கும் இன்க்ளூட் வரி இருக்கிறது. கிளவுட்-இனிட் (கிளவுட் மெஷின் முதல்முறை எழும்போது செட்டிங் போடும் புரோகிராம்) அந்த டைரக்டரியில் 50 என்று தொடங்கும் ஒரு கோப்பை வைத்து அதில் பாஸ்வேர்டு லாகினை இயக்கி வைத்திருந்தால், நீங்கள் முதன்மைக் கோப்பில் 'நோ' என்று எவ்வளவு தெளிவாக எழுதினாலும் பாஸ்வேர்டு லாகின் திறந்தேதான் இருக்கும். சின்டாக்ஸ் சோதனைக்கு இதில் குறை சொல்ல எதுவுமே இல்லை. பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டே வருஷக்கணக்கில் ஓடும்.

இதற்கு மருந்து பெரிய எழுத்து '-டி'. 'எஸ்எஸ்எச்டி'யோடு போட்டால், எல்லாக் கோப்பையும் படித்து முடித்த பிறகு உண்மையிலேயே எந்த மதிப்பு நடப்பில் வரும் என்பதை வரி வரியாகக் கொட்டும். அதில் 'பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் நோ' என்ற வரி இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்கட்டும். என்ஜின்எக்ஸிலும் பெரிய '-டி' உண்டு, இழுத்த எல்லாக் கோப்பையும் சேர்த்துக் காட்டும்.

கோப்பையே யாரும் படிக்காமல் போவதும் உண்டு. சூடோயர்ஸின் துணை டைரக்டரியில் பெயருக்குள் புள்ளி இருந்தால் சூடோ அந்தக் கோப்பை ஒதுக்கிவிடும். டெபியனில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் கிரான்.டி டைரக்டரிக்கும் இதே கதை. 'பேக்கப்.கான்ஃப்' என்று அழகாகப் பெயர் வைத்திருப்பீர்கள், அது ஓடவே ஓடாது.

சின்டாக்ஸ் சரி, ஆனால் எழுதியிருப்பதே தப்பு என்றால் ஸ்கிரிப்ட் பிடிக்குமா?

தானாகப் பிடிக்காது. 2009 அக்டோபர் 12 அன்று ஸ்வீடனின் .எஸ்இ டொமைன்கள் மொத்தமும் முடங்கின. ஸோன் கோப்பை உருவாக்கிய ஸ்கிரிப்டில் இருந்த கோளாறால் பெயர்களின் கடைசியில் இருக்க வேண்டிய புள்ளி விட்டுப்போயிருந்தது. புள்ளி இல்லாத பெயர் டிஎன்எஸ்ஸில் சின்டாக்ஸ் தப்பு இல்லை, அதோடு ஸோனின் பெயரையே இன்னொரு முறை ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ஒரு நாட்டின் டொமைன்கள் எல்லாம் படுத்துப்போக அது போதுமானதாக இருந்தது.

2024 ஜூலை 19 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு கான்ஃபிக் அப்டேட்டால் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் விழுந்தன, விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே சோதனைக் கருவியும் இருந்தது, அந்தக் கருவிக்குள்ளேயே பிழை இருந்ததால் அது தேர்ச்சி கொடுத்துவிட்டது. வரையறையில் 21 புலங்கள், அதைப் படிக்கும் நிரல் தந்ததோ 20. இருபத்தொன்றாவதைத் தேடிப்போன இடத்தில் ஒன்றும் இல்லை.

ஆகவே புரோகிராமின் சோதனைக்குப் பிறகு உங்கள் சொந்த விதிகள் இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸோன் கோப்பின் வரி எண்ணிக்கை முந்தையதைவிடப் பாதியாகக் குறைந்தால் நில். சீரியல் எண் கூடவில்லை என்றால் நில். பாஸ்வேர்டு லாகின் திறந்திருந்தால் நில். அதிகம் வேண்டாம், எது நடந்தால் உங்கள் சேவை நின்றுபோகுமோ அதற்கு மட்டும்.

ரீலோடா, ரீஸ்டார்டா?

ரீலோட் இருந்தால் எப்போதும் ரீலோட். கான்ஃபிக் தப்பு என்றால் என்ஜின்எக்ஸ் ரீலோடை மறுத்துவிட்டுப் பழையதோடு ஓடும், ரீஸ்டார்ட் கொடுத்தால் நின்றுவிட்டு எழாமல் போகலாம். எஸ்எஸ்எச்டியை மாற்றும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாதீர்கள், இன்னொரு டெர்மினலில் புதிதாக உள்ளே வந்து பார்த்த பிறகு மூடுங்கள். உபுண்டுவில் நெட்வொர்க் செட்டிங்குக்கு 'நெட்பிளான் டிரை' அருமையானது, 120 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் தானே பழையதற்குத் திரும்பிவிடும்.

கிட் ஹுக்கில் போட்டுவிட்டால் போதுமா?

கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ப்ரீ-கமிட் ஹுக் நல்லதுதான், தப்பு அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் இரண்டு விஷயம். ஹுக் உங்கள் டைரக்டரியில் இருக்கும் கோப்பைப் படிக்கும், கமிட் ஆகப்போவதோ ஸ்டேஜ் பண்ணிய உள்ளடக்கம். 'கிட் ஆட்' பண்ணிவிட்டு அப்புறம் தப்பைத் திருத்தினால் ஹுக் தேறும், தப்பான கோப்பு கமிட் ஆகும். 'கிட் ஷோ'வில் கோலன் போட்டுக் கோப்பின் பெயர் கொடுத்து ஸ்டேஜில் இருப்பதை எடுத்துச் சோதியுங்கள். இரண்டாவது, '--நோ-வெரிஃபை' போட்டு யாரும் தாண்டிவிடலாம், அதனால் சர்வரில் போடும் இடத்திலும் அதே ஸ்கிரிப்ட் ஓட வேண்டும்.

லேப்டாப்பிலோ, மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சிஐயிலோ என்ஜின்எக்ஸ் சோதனை வீணாகத் தோற்கும் என்பதையும் எதிர்பாருங்கள். அது சான்றிதழ் கோப்புகளைத் திறந்து பார்க்கிறது, அப்ஸ்ட்ரீமில் இருக்கும் ஹோஸ்ட் பெயர்களை டிஎன்எஸ்ஸில் கேட்கிறது, அந்தப் பெயர் டாக்கர் நெட்வொர்க்குக்குள் மட்டும் இருந்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நின்றுவிடும். சிஐயில் தற்காலிகச் சான்றிதழ் ஒன்றைச் செய்து வைத்து, பெயர்களை ஹோஸ்ட்ஸ் கோப்பில் சேர்த்துவிட்டு ஓட்டுங்கள்.

ஸ்கிரிப்டை ஷெல்லில் எழுதவா, பைத்தானிலா?

வேறு கட்டளைகளைக் கூப்பிட்டு ரிட்டர்ன் கோடு பார்ப்பது மட்டும் என்றால் பாஷ். கோப்புக்குள் இருக்கும் மதிப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டுமென்றால் பைத்தான். பாஷ் நூறு வரியைத் தாண்ட ஆரம்பித்தால் பைத்தானுக்கு மாறிவிடுங்கள், அதற்கு மேல் அதை வேறு யாராலும் படிக்க முடியாது.

ரூட் இல்லாமல் ஓட்டலாமா?

யாமல், ஜேசன் எல்லாம் தாராளமாக. எஸ்எஸ்எச்டியும் என்ஜின்எக்ஸும் ரகசியச் சாவிக் கோப்புகளைத் திறந்து பார்ப்பதால் ரூட் இல்லாமல் அனுமதிப் பிழைதான் வரும். அதை சின்டாக்ஸ் தப்பு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம், செய்தியில் 'பெர்மிஷன் டினைடு' இருந்தால் தனியாகச் சொல்லுங்கள்.

என் ஸ்கிரிப்ட் உண்மையிலேயே தப்பைப் பிடிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேண்டுமென்றே கெட்ட கோப்புகளைக் கொடுத்துப் பாருங்கள். ஸ்கிரிப்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டைரக்டரி வைத்து, அரைப்புள்ளி இல்லாதது, மூடாத அடைப்பு, ஜீரோ பைட், இரட்டைச் சாவி, கேரேஜ் ரிட்டர்ன் உள்ளது, வளைந்த மேற்கோள் உள்ளது என்று ஒவ்வொரு தப்புக்கும் ஒரு கோப்பு போட்டு வையுங்கள். ஒரு நாலு வரி லூப் அவற்றையெல்லாம் ஸ்கிரிப்டுக்குக் கொடுத்து, ஏதாவது ஒன்று தேறிவிட்டால் சத்தம் போட வேண்டும். சோதிக்கும் கட்டளையே மெஷினில் இல்லாத நிலையையும் பாருங்கள், பாத் மாறிப்போய் 'எஸ்எஸ்எச்டி' கிடைக்காவிட்டால் ஷெல் 127 என்று திருப்பும், உங்கள் ஸ்கிரிப்ட் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்கிறதா, அல்லது 'இந்தக் கோப்புக்குச் சோதனை இல்லை' என்று தாண்டிப் போகிறதா என்று பாருங்கள். கிரானிலிருந்து ஓட்டும்போது பாத் சுருங்கிவிடும், எஸ்பின் டைரக்டரி பல இடங்களில் அதில் இருக்காது, அங்கே இது நடக்கும். உண்மையில் பிரச்சினை கொடுத்த கோப்பு எது வந்தாலும், சரி செய்வதற்கு முன்னால் அதன் பிரதி ஒன்றை அந்த டைரக்டரியில் போட்டுவிடுங்கள், பாஸ்வேர்டையும் சாவிகளையும் அழித்த பிறகு.